பஃபரை ஊற்றுமுன் கேட்க வேண்டியது

அன்புள்ள சிவகுமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயிர்வேதியியலில் சேர்ந்திருப்பது மகிழ்ச்சி. அதில் உன் வற்புறுத்தல் எவ்வளவு என்பதை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

செல்லை உடைத்துப் புரதத்தை வெளியே எடுக்க, உன் மாணவர்கள் எந்தச் செல்லானாலும் ரிபா பஃபரையே, அதாவது சோப்புபோலச் சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட்கள் கலந்த கரைசலையே, ஊற்றுவதாக எழுதியிருந்தாய். ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டோடு வேலை முடியுமென்றால் அதில் தவறில்லை. அதிலுள்ள எஸ்டிஎஸ், சோடியம் டீஆக்சிகோலேட் ஆகிய டிடர்ஜென்ட்கள் கருச்சவ்வு வரை கரைத்துவிடும். ஆனால், ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இரு புரதங்களைப் பிரியாமல் ஆன்டிபாடியால் இழுத்தெடுக்க விரும்புவோருக்கு அது ஏற்றதன்று. வலுக்குறைந்த பிணைப்புகள் அதில் அவிழ்ந்துவிடும். அவர்களுக்கு என்பி-40 என்ற மென்மையான டிடர்ஜென்ட் 1 விழுக்காடு பெரும்பாலும் போதும். வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: பழைய நோனிடெட் பி-40 இப்போது தயாரிப்பில் இல்லை, இகெபால் சிஏ-630 அதற்கு ஈடாக விற்கப்படுகிறது, டெர்ஜிடால் என்பி-40 என்பதோ பெயரில் மட்டுமே ஒத்த வேறு பொருள்.

யாராவது என்னிடம் டிடர்ஜென்ட் பற்றிக் கேட்டால், புரதம் வெளியே வந்தபின் அதை எப்படி நீக்கப் போகிறாய் என்றே முதலில் கேட்பேன். டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் ஏறத்தாழ 0.2 மில்லிமோலார் செறிவிலேயே மைசெல்லாக, அதாவது மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்த திரளாக, ஆகிவிடுவதாலும், அந்த மைசெல் நடுத்தரப் புரதம் ஒன்றின் அளவுக்குப் பெரியது என்பதாலும், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது எளிதில் வெளியேறாது. போதாக்குறைக்கு, அதன் பென்சீன் வளையம், புரதத்தை அளக்கப் பயன்படும் 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். சாயத்தைக் கொண்டு புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு அளவீட்டையும் அது குழப்பும் என்பதால், அளப்பதற்குப் பிசிஏ என்ற மற்றொரு முறையே மேல். 8 முதல் 10 மில்லிமோலாரில் சிறு மைசெல்களை உருவாக்கும் சாப்ஸ் என்ற டிடர்ஜென்ட், டயாலிசிஸிலேயே போய்விடும். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புகிறவர்கள் இதை முன்பே யோசிக்காவிட்டால், டிடர்ஜென்ட்டின் சிகரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எஸ்டிஎஸ் உள்ள கலவையில் பொட்டாசியம் உப்பைச் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவை. உடனே வெண்படிவு இறங்கும்.

டிரைட்டானுக்கு ஐரோப்பாவில் தடையா என்று கேட்டிருந்தாய். அது சிதைந்து ஆக்டைல்ஃபீனால் ஆகி நீர்வாழ் உயிர்களின் ஹார்மோன்களைக் குலைப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 4-க்குப் பின் அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது. சிறிய அளவிலான அறிவியல் ஆய்வுக்கு விலக்கு உண்டு. ரத்தப் பிளாஸ்மாவில் வைரஸை அழிக்க அதையே நம்பியிருந்த தொழிற்சாலைகள்தாம் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று.

நீ குறிப்பிட்ட சவ்வுப் புரதத்துக்கு டிடிஎம் என்ற மென்மையான டிடர்ஜென்ட் பொருந்தலாம். ஆனால் விலை கையைக் கடிக்கும். அதற்கு ஆர்டர் போடுமுன், அந்தப் புரதம் சவ்வை எத்தனை முறை கடக்கிறது என்பதையும், பிரித்தபின் உங்களுக்கு அதன் செயல்பாடு தேவையா, வடிவம் மட்டும் போதுமா என்பதையும் எழுது.

அன்புடன்,
கண்ணன்