கேஸுக்கும் எடை உண்டு, நிறுத்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாமக்கல்லில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை நடத்துகிறேன். கேஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன ஊர் இது. இருந்தும் "கேஸுக்கு என்னங்க எடை இருக்கப் போகுது?" என்று இங்கேயே பலர் கேட்கிறார்கள். பெரிய புல்லட் டேங்கர் ஒன்றில் 18 டன் வரை கேஸ் போகிறது. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்த கேஸ் அது.

டீசலின் எடையும் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. லிட்டருக்குச் சுமார் 830 கிராம். 400 லிட்டர் டேங்கை நிரப்பிக் காலி எடை போட்ட லாரி, பாதி டீசலை எரித்துவிட்டு மக்காச்சோள லோடோடு மேடை ஏறினால், சரக்கில் 160 கிலோவுக்கு மேல் குறைவதாகக் கணக்கு வரும். சோளம் வாங்கும் கோழிப்பண்ணைக்காரர் டிரைவரைச் சந்தேகப்படுவார். பாவம், அந்த டிரைவர் மேல் ஒரு தப்பும் இருக்காது. டீசல் முள்ளைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

வெயிலில் திரவம் விரியும், எடை மாறாது. சமையல் கேஸ் இன்னும் அதிகமாக விரியும். அதனால்தான் 33.3 லிட்டர் கொள்ளும் வீட்டுச் சிலிண்டரில் சுமார் 26 லிட்டர் மட்டும் அடைத்து, 14.2 கிலோ என்று எடைக் கணக்கில் விற்கிறார்கள். நம் பெண்களோ சிலிண்டரை ஆட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. கைப்பிடியைத் தாங்கும் தகட்டில் காலி எடை பொறித்திருக்கும். 15.8 என்று இருந்தால், நிறுக்கும்போது 30 கிலோ காட்ட வேண்டும். கொண்டு வருபவரிடம் தராசில் மாட்டிக் காட்டச் சொல்வது நம் உரிமை. (தயவுசெய்து என் மேடைக்குத் தூக்கி வர வேண்டாம். லாரி எடைமேடை ஐந்து கிலோ, பத்து கிலோவாகத்தான் தாவும்.)

காசு நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கசிந்த சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்ததும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் சும்மா இல்லை. கூரையோரச் சன்னலை மட்டும் நம்பக் கூடாது. கதவைத் திறந்து வையுங்கள். சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே குழியில் வைக்காதீர்கள். கசிவு நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேஸ் ஏஜென்சிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியில் தராசு இருந்தால் போதாது. வீட்டில் தனியாக இருக்கும் அப்பாரும் ஆத்தாவும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்காமலே மாட்டிக் காட்டுங்கள்.

எடைமேடை நடத்தும் வாசகர்,
நாமக்கல்.