மழைநீர் வடிகாலும் கரையோரக் குடியிருப்புகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், சென்னையில் அடையாறு, கூவம் கரையோரங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அந்தத் தாழ்நிலத்திலும் மழைநீர் தேங்கும் என்பதை, இடம் தேர்ந்தெடுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். இன்னும் கரையோரத்திலேயே இருப்பவர்களின் சந்துகள், பெரும்பாலும், அருகிலுள்ள சாலையைவிடத் தாழ்ந்தவை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடும்போதெல்லாம் அந்தப் பள்ளம் கூடுகிறது. சாலையில் ஓட வேண்டிய நீர் வீட்டுக்குள் இறங்குகிறது. குப்பை வண்டி நுழையாத சந்தில் கால்வாய் அடைபட்டாலோ, பழி குடியிருப்போர் மீதே விழுகிறது. ஆகவே, பட்டா இல்லை என்று ஒதுக்காமல், இச்சந்துகளையும் வடிகால் வரைபடத்தில் சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தூர்வாரும் பணியை மாநகராட்சி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை