இன்னும் 100 சைக்கிள் வேண்டாம், முதலில் டயர் அனுப்புங்கள்

சைக்கிள் வழங்கும் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இன்னும் 100 சைக்கிள் வருகிறது, விழாவுக்கு ஆள் திரட்டுங்கள் என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. போன தடவை கொடுத்ததில் பாதிக்கு மேல் சுவரில் சாய்ந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் களப்பணியாளர் மூன்று முறை வந்து எழுதிக்கொண்டு போனார்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பால் சங்க உறுப்பினர் ஒருவர், கேரியரின் இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். மூன்று வாரமாகச் சணல் கயிறு சுற்றி ஓட்டிய பின்சக்கர டயர் பாதி வழியில் வெடித்தது. பால் கொள்முதல் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கொதிக்கவைத்துப் பார்த்தார்கள், பால் திரிந்தது. 40 லிட்டரையும் திருப்பிவிட்டார்கள்.

புது டயர் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கினார். உங்கள் டயரிலும் 26 அங்குலம் என்றுதான் இருக்கிறது, சந்தையில் விற்பதும் 26தான். ஆனால் உங்கள் ரிம்முக்கு உள்விட்டம் 559 மில்லிமீட்டர் உள்ள டயர் வேண்டும், இங்கே கிடைப்பது 590. மெக்கானிக் மாட்டிப் பார்த்தார், ரிம்மைச் சுற்றி விரல் நுழைந்தது.

எனவே முதலில் டயர் அனுப்புங்கள். புதிதாகச் சைக்கிள் தருவதானால், இங்கே டயரும் போக்ஸ் கம்பியும் கிடைக்கிற சைக்கிளாகத் தாருங்கள்.

பால் கேன் ஏற்றும் சைக்கிளுக்கு ஆறு கியர் எதற்கு என்பது வேறு கதை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தொடங்கிய வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம், ஆப்பிரிக்க கிராமங்களுக்கென்று ஒற்றைக் கியரும் 100 கிலோ தாங்கும் கேரியரும் வைத்தே சைக்கிள் செய்தது. ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கொடுத்தது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. நீங்களோ படிவம் அனுப்புகிறீர்கள்: "சைக்கிளால் வருமானம் எவ்வளவு உயர்ந்தது?" குறைந்தது என்று டிக் அடிக்க அதில் கட்டமே இல்லை. செயின் துருப்பிடித்தாலும் உங்கள் ஸ்டிக்கர் மட்டும் புதிதாகவே இருக்கிறது, அது எந்தக் கடையில் வாங்கியதோ!

சரி, வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தீர்கள். விழாச் செலவை நிறுத்தி, அந்தப் பணத்துக்கு 559 டயர் வாங்கி அனுப்பும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். விழாத் தேதிக்கு முன்பே பதில் வந்தால், ஆள் திரட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பால் சங்கச் செயலாளர்