திருட்டு போனில் முதலில் மாட்டுவது வாங்கியவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் திருடு போனால் என்ன செய்ய வேண்டும் என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. நல்ல விஷயம். ஆனால் அந்தப் போனை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கப்போகிறவருக்கு யாரும் எச்சரிக்கை சொல்வதில்லை. உண்மையில் அதிகம் சிக்கிக்கொள்வது அவர்தான்.

ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் உண்டு. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள். சிம்மைப் போட்டு ஆன் செய்ததுமே, எந்தச் சிம் எந்தப் போனில் இருக்கிறது என்பது நெட்வொர்க்கில் பதிவாகிவிடும். திருடியவன் பெரும்பாலும் தன் சிம்மை அதில் போடுவதே இல்லை, கைமாற்றிவிட்டுப் போய்விடுகிறான். வாங்கியவரோ சொந்தப் பெயரில், சொந்த முகவரியில் எடுத்த சிம்மைப் போடுகிறார். அப்புறம் போலீஸ் யார் வீட்டுக்கு வரும்?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது எங்குமே குற்றம்தான். "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். பில் இல்லை, பெட்டி இல்லை, விலை பாதிக்கும் கீழே. அப்போதுகூடச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது? வழக்கு வராமல் தப்பினாலும் போன் உரியவரிடம் போய்விடும். கொடுத்த பணம் திரும்பாது.

போலீஸ் வராவிட்டாலும் அந்தப் போன் கடைசிவரை உழைக்கும் என்று நம்ப முடியாது. பறிகொடுத்தவர் புகார் கொடுத்து ஐஎம்இஐ எண்ணை முடக்கச் சொல்ல நாளாகலாம். அதுவரை நன்றாக வேலை செய்த போனில் ஒருநாள் திடீரென்று சிக்னல் போய்விடும். முடக்கிய போனிலும் வைஃபை வேலை செய்யும் என்பதால், விற்கிறவர் வீடியோ ஓட்டிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இன்னொரு பூட்டும் இருக்கிறது. அது இயங்கும் போனைத் திருடியவன் அழித்துப் புதிதாக்கினாலும், பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டு அப்படியே நின்றுவிடும்.

என்னை மிகவும் வருத்துவது இந்தப் பூட்டைச் சுற்றி நடப்பதுதான். பூட்டுத் திறந்த போனுக்கு விலை அதிகம். அதனால், போனைப் பறிகொடுத்தவருக்கே "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் பாஸ்வேர்டைப் போடுங்கள்" என்று பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். மிரட்டிப் பாஸ்கோடு கேட்டு வாங்குவதும் நடக்கிறது. ஏற்கெனவே நொந்துபோன மனிதரை இரண்டாவது முறையும் அடிக்கிற வேலை இது. வாங்க ஆள் இருப்பதால்தான் இது நடக்கிறது.

பழைய போன் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. புதிது வாங்க முடியாதவர்களுக்கு அதுதான் வழி. பணம் கொடுக்கும் முன் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணைப் பில்லோடும் பெட்டியோடும் ஒப்பிடுங்கள். திருட்டுப் போன் பட்டியலில் தேட உங்கள் நாட்டில் வசதி இருந்தால் அதிலும் பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டுப் பேசிப் பாருங்கள். விற்பவர் உங்கள் கண் முன்னே தன் கணக்கிலிருந்து வெளியேறி, போனை ரீசெட் செய்து தரட்டும். முடியாது என்றால், அப்புறம் கடவுச்சொல் அனுப்புகிறேன் என்றால், கிளம்பி வந்துவிடுங்கள். அடையாள அட்டை நகலோடு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டுச் சந்தேகப்படுகிறவர்கள், கைகழுவுவதாக நினைத்து அதை இன்னொருவரிடம் விற்றுவிட வேண்டாம். அப்படிச் செய்தால் திருட்டுப் பொருளை விற்றவர் ஆகிவிடுவீர்கள். விற்றவரைப் பற்றிய விவரங்களோடு காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே சரி.

பழைய பொருள் விற்கும் இணையதளங்களும் கடைகளும், திருட்டுப் பட்டியலில் ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்த்த பிறகே போனை விற்பனைக்கு ஏற்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதைத் தங்கள் பத்திரிகை வலியுறுத்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்