காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சு, ஓவியப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர், அனைவருக்கும் வாழ்த்துகள். திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இவ்வாண்டு தொடங்கிய விளையாட்டுவழிக் கற்றல் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், கணித ஆசிரியரின் மேற்பார்வையில், கட்டைகளை அடுக்கியும் வெட்டியெடுத்தும் ஆடும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் பள்ளிப் பதிப்பைப் பிள்ளைகள் கணினி அறையில் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு கட்டை என்பது எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் என்று கணக்கு. ஆகவே கன அளவைக் கண்ணால் பார்த்துக் கற்க முடிகிறது. சென்ற மாதம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி படிகளுடன் கோயில் குளம் ஒன்றை வெட்டினாள். ஒவ்வொரு தட்டும் ஒரு கட்டை ஆழம். மேல்தட்டு 10-க்கு 10. நாற்புறமும் ஒரு கட்டை உள்ளே தள்ளி 8-க்கு 8. அதற்கும் கீழே 6-க்கு 6. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஆசிரியர் கேட்டதற்கு 300 கன மீட்டர் என்றவள், படிகள் அடைத்துக்கொண்ட இடம் நினைவுக்கு வந்து தானே நிறுத்தி, தட்டுத் தட்டாகக் கூட்டி, 200 கன மீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டர் என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். பல ஆண்டுகள் கணிதம் நடத்திய எனக்கு, பிள்ளைகள் அந்த இடத்தில் தவறுவது பழக்கமான காட்சி; யாரும் சொல்லாமல் தானே திருத்திக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

இது சோதனை முயற்சியாகத் திடீரென்று வந்ததும் அன்று. 1971-இலேயே அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூவர் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக ‘ஆரிகன் டிரெயில்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். அப்போது திரைகூட இல்லை. விடைகள் தாளில் அச்சாகி வந்தன.

ஆனால் கடந்த சில வாரங்களாக முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை வைத்து உறங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விசாரித்தால், இரவு வெகுநேரம் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் ஆடியது தெரியவருகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், “ஸ்கூல்ல கொடுத்த வேலைன்னு சொல்றான் மேடம், நான் எப்படித் தடுக்கிறது?” என்று கண்கலங்கக் கேட்டார். தந்தையின் கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணை எடுத்து, விளையாட்டில் ஆயுதம் வாங்கப் பணம் கட்டிய ஒரு நிகழ்வும் எங்கள் கவனத்துக்கு வந்தது. பெற்றோர்களில் பலர் இருவரும் வேலைக்குச் செல்கிறீர்கள், பிள்ளை வீட்டில் பத்திரமாக இருந்தால் போதும் என்ற நிலையில் கைப்பேசியைக் கொடுக்க நேர்கிறது என்பதை நான் அறிவேன். விளையாட்டு வகுப்பின் எல்லையை ஜூன் மாதத்திலேயே உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்காதது எங்கள் பிழை.

எனவே இப்போது தெளிவாகவே சொல்கிறேன். இப்பள்ளி எந்த வகுப்புக்கும் கணினி விளையாட்டை வீட்டுப்பாடமாகக் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதுமில்லை. டைரியில் ஆசிரியர் கையெழுத்தோடு இல்லாத எதுவும் பள்ளி கொடுத்த வேலை ஆகாது. புத்தகப்பையில் கைப்பேசி இருந்தால் அது அலுவலகத்தில் வைக்கப்படும். பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட்டே பெற்றுக்கொள்ள வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. தயவுசெய்து தொலைபேசியில் சிபாரிசு கேட்க வேண்டாம்.

இந்த வகுப்பையே நிறுத்திவிடும்படி சிலர் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் குளம் வெட்டிக் கணக்கைக் கண்டுபிடித்த பிள்ளையிடமிருந்து, வேறு வீட்டில் நடந்த தவறுக்காக அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. முடிவெடுக்கும் முன் ஒருமுறை வந்து பாருங்கள். விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை காலை கணினி அறை உங்களுக்காகத் திறந்திருக்கும்; உங்கள் பிள்ளையே உட்கார்ந்து உங்களுக்குச் செய்து காட்டுவார். விடுமுறை நாள்களில் இரவு ஒன்பதரைக்கு மேல் கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும் என்பது மட்டுமே இப்போதைக்கு என் வேண்டுகோள்.

தயக்கமின்றி உண்மையைச் சொன்ன அந்தத் தாய்க்கும், குறை சொல்லாமல் யோசனை சொன்ன உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை