மேஜைக்கு வந்த பாலிசிக்ஸ்

மன்னார்குடி,
ஆனி 8, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா வாங்கிவிடுகிறாள். அவள் பேசி முடித்து என் கையில் தரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதம் என்றால் யாரும் பிடுங்க மாட்டார்கள்.

மேட்டூர் 12ஆம் தேதியே திறந்தாயிற்று. பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம் வாய்க்காலுக்குத்தான் இன்னும் வரவில்லை. பெரியத்தைக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. கொல்லைப் பூவரசை வெட்டவில்லை, நீ சொன்னதற்காக. பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுப் போ.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சித்திரையிலிருந்து நாங்கள் எப்போது கூப்பிட்டாலும் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். காலை ஏழு மணிக்கும் குளியல், இரவு ஒன்பதரைக்கும் குளியல். நல்ல பழக்கம்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுத வந்த விஷயம் வேறு.

என் மேஜைக்கு ஒரு பாலிசிக்ஸ் வந்திருக்கிறது.

ஆமாம், கோர்க் கம்பெனியின் பாலிசிக்ஸ், மின்சாரத்தால் ஒலியைச் செய்யும் சிந்தசைசர். அதேதான். 61 கட்டை, இரண்டு பக்கமும் மரம். எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். மூன்று வாரமாகக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்துநாலு வயதில் இவருக்கு இளையதாரம் அமைந்துவிட்டது என்று உன் அம்மா கீரைக்காரியிடம் சொல்கிறாள்.

இந்தப் பெட்டிக்கு உலகம் அநியாயம் செய்துவிட்டது, பாப்பா. 1981இல் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே அமெரிக்காவில் ப்ராஃபெட்-5 என்ற சிந்தசைசர் வந்திருந்தது. ஐந்து குரல், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து சுரம்; ஏறக்குறைய நாலாயிரம் டாலர். கோர்க்காரன் ஆறு குரலை, 32 ஒலிகளை நினைவில் வைக்கும் வசதியோடு, பாதி விலைக்குக் கொடுத்தான். எங்கே சிக்கனம் பிடித்தான் தெரியுமா? சுரத்தைப் பிறப்பிக்கிற ஆசிலேட்டர் ப்ராஃபெட்டில் ஒரு குரலுக்கு இரண்டு, இதில் ஒன்று. அதைச் சொல்லியே மட்டம் தட்டினார்கள். ஒற்றை ஆசிலேட்டர், நோஞ்சான் பெட்டி என்று. தட்டியவர்களில் ஒருவன்கூட யூனிசன் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்க மாட்டான். அழுத்தினால் ஆறு குரலும் ஒரே கட்டையில் வந்து உட்காரும். ஒரே சுரம் என்று பெயர்தான், ஒன்றுக்கொன்று மயிரிழை விலகியிருக்கும். சூடேறினால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அந்த விலகலில்தான் உயிர் இருக்கிறது. ராஜகோபாலசாமி புறப்பாட்டில் இரண்டு நாயனமும் சேர்ந்து ஷட்ஜத்தில் நிற்கும்போது நெஞ்சுக்கூடு அதிருமே, அது. திருத்துறைப்பூண்டிக் கச்சேரியில் நான் கீழ்க்கட்டையில் அதைப் பிடித்தபோது பந்தலில் ஒரு ட்யூப்லைட் கழன்று விழுந்தது. காற்றில் விழுந்தது என்று உன் மாமா இன்றைக்கும் சாதிக்கிறார்.

அப்புறம் அந்த என்செம்பிள். உள்ளே ஒரு சில்லு இருக்கிறது, பக்கெட் பிரிகேட் என்பார்கள். வீடு கட்டும்போது ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி ஏற்றுவார்களே, அப்படி மின்சாரத்தைச் சிறுசிறு கூறாக ஒரு கண்டென்சரிலிருந்து அடுத்த கண்டென்சருக்குக் கைமாற்றிக்கொண்டே போகும். கடைசி ஆளிடம் சேரும்போது ஒலி துளி பிந்தியிருக்கும். பிந்தியதையும் பிந்தாததையும் கலந்து, பிந்தும் நேரத்தையும் ஆட்டிக்கொண்டே இருந்தால், ஒருவன் வாசிப்பது பத்துப் பேர் வாசிப்பதாகக் கேட்கும். நம் குழுவில் வயலின் ஒரே ஒருவர். அவருக்கும் அன்று காய்ச்சல். வேதாரண்யத்தில் மைக்கைப் பிடித்தவர் ‘பதினாறு வயலின்கள்’ என்றே அறிவித்துவிட்டார். யாரும் மேடையை எண்ணிப் பார்க்கவில்லை.

ஃபில்டரைச் சொல்லாமல் விட்டால் பாவம். எஸ்எஸ்எம் 2044 என்ற சில்லு, குரலுக்கு ஒன்றாக ஆறு. மதகுப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும்போது தண்ணீர் முதலில் அடியில் உறுமிக்கொண்டு வந்து, அப்புறம் சட்டென்று விரிந்து வெளுக்குமே, கட்ஆஃப் குமிழைத் திருப்பினால் அதே கதைதான். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆறாம் வகுப்பிலேயே அந்தக் குமிழில் உன் கை என் கையைவிட நன்றாக இருந்தது.

1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. டிஜிட்டல். விரல் மெல்ல விழுந்தால் மெல்லப் பாடும், ஓங்கி விழுந்தால் ஓங்கிப் பாடும். மிடி வயர் போட்டால் மற்றப் பெட்டிகளோடு பேசும். பாலிசிக்ஸில் இரண்டும் கிடையாது. சிங்கப்பூர் மாமா 84இல் இதைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியபோதே உலகம் இதைக் கைவிட்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைத்தான் வைத்திருப்பேன்.

மேஜைக்கு வந்தபோது இது இருந்த கோலம் இருக்கிறதே. அந்த 32 ஒலிகளையும் நினைவில் வைக்க உள்ளே ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை சாதுவாக இருக்கும். வருடக்கணக்கில் போட்டுவைத்தால் கசியும். அது உட்கார்ந்திருக்கும் கேஎல்எம்-367 போர்டுதான் பெட்டிக்கு மூளை. திறந்தேன். குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்தது போலப் பச்சை. எல்லோரும் இதை ஆசிட் என்கிறார்கள். ஆசிட் இல்லை, காரம். அதனால்தான் வினிகரால் துடைக்க வேண்டும். பழைய பல் பிரஷில் தொட்டு வைத்ததும் பொசபொசவென்று நுரைத்தது. ஒன்பது தடங்கள் அரித்து அறுந்திருந்தன. ஓட்டை டிரான்ஸ்பார்மரிலிருந்து உருவிய கம்பியை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். கை இப்போது லேசாக நடுங்குகிறது. விடிகாலையில், காபிக்கு முன்பு, நடுக்கம் குறைவு. ஒரு காலைக்கு ஒரு தடம்.

வைத்திருந்தவனுக்கு அறிவு என்று ஒன்று இருந்ததா என்று தெரியவில்லை. பேட்டரியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? சால்டரிங் இரும்பு சூடாவதற்கு இரண்டு நிமிடம், கழற்ற அரை நிமிடம். இருபது வருடம் அப்படியே போட்டிருக்கிறான். இதில் ரேடியோ மெக்கானிக் என்று போர்டு வேறு.

இடப்பக்க மரத்தில் கொசுவர்த்தி சுட்ட வடு இருக்கிறது. பிறை நிலா மாதிரி. நீ வைத்த கொசுவர்த்தி.

விற்கவில்லை, பாப்பா. நாகப்பட்டினம் குழுவுக்கு ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னது பொய். பத்தாய அறைப் பரணில் இருந்தது. பாலிதீன் சுற்றி, மேலே கிழிந்த பாய். அப்போது நீ ப்ளஸ் டூ. ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனும் நீயுமாக உட்கார்ந்திருந்தாய். தரமணியில் ஒலிப்பதிவு படிக்கப்போகிறேன் என்றாய். கச்சேரிக்காரன் வீட்டில் மழைக்காலத்தில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாய். பொய் சொன்னால் கோபமாகத்தானே பார்ப்பாய்? கோபம் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். எட்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ‘அப்பா, சாப்பிட வாங்க’ என்று கூப்பிட்டாய். அன்றைக்கே இறக்கிக் கொடுத்திருக்கலாம்.

பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அப்போது இறக்கினால் சொன்னது பொய் என்றாகும். காலேஜ் முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பேட்டரி கசியும் என்பது எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? மூடியைக் கழற்றினால் வாசிக்கத் தோன்றும். வாசித்தால் தெருவுக்கே கேட்கும். அதனால் ஏறிப் பார்க்கவே இல்லை.

2018இல் கஜா அடித்த ராத்திரி ஓடு பறந்தது என்று சொன்னோமே, பறந்தது பத்தாய அறை ஓடுதான். நான் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். அம்மா கீழே டார்ச்சைப் பிடித்தபடி, ‘விதைநெல் இங்கே நனைகிறது, அங்கே என்ன இருக்கிறது’ என்று கத்தினாள். பாயை விலக்கிக் காட்டினேன். டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நெல் மூட்டைப் பக்கம் திரும்பியது. அன்றும் அவள் ஒன்றும் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை. அவளையும் கூட்டுக் களவாணி ஆக்கியது நான்தான்.

இப்போது ஐந்து குரல் பாடுகிறது. பாலிசிக்ஸ் ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த குரலை முறைவைத்து அனுப்பும் இல்லையா, அதனால் ஆறாவது தடவை அழுத்தும்போதெல்லாம் மௌனம். ச ரி க ம ப வரை சரியாக வரும், தைவதம் ஊமை. மறுபடி தொடங்கினால் வேறொரு சுரம் ஊமை. முந்தாநாள் சாயங்காலம் நான் மோகனம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிவாள்மணையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, ‘அந்த ஆறாவது ஆள் எங்கே, குளிக்கப் போயிருக்கிறாரா’ என்றாள். இருவரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வாழைப்பூவைப் பாதியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. ஆனால் ‘அவர் குளிக்கிறார்ப்பா’ என்று நீ சொல்கிற குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நாகப்பட்டினத்துக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள் என்று நான் சொன்ன குரல் அது. அதே நிதானம், அதே வேகம். அதைக் கேட்ட பிறகுதான் பரணில் ஏறினேன்.

டி பேங்க்கில் எட்டு ஒலிகள் வைத்திருந்தாய். நான் கைவைத்தால் சண்டைக்கு வருவாய். எல்லாம் போய்விட்டது, 32 இடங்களிலும் இப்போது குப்பை. அதில் தவளை ஒலியை மட்டும் திரும்பச் செய்யலாம் என்று நாலு ராத்திரி உட்கார்ந்தேன். ரெசனன்ஸை ஏற்றி, டிகேயைக் குறுக்கி, ஆர்ப்பெஜியேட்டரை ஓடவிட்டு, என்னென்னவோ செய்தேன். ‘இது தேரை’ என்கிறாள் உன் அம்மா. இருபது வருடம் மேடையில் வாசித்தவனுக்கு, நீ பதினாலு வயதில் செய்தது வரவில்லை. பெரியத்தையிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ அந்த எட்டையும் டேப்ரெக்கார்டரில் ஏற்றிவைத்தாய் அல்லவா? ஃபேக்ஸ் மாதிரி கீச்கீச்சென்று கத்தும் என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாளே. நீல ஸ்கெட்ச் பேனாவில் தவளை வரைந்த கேசட். அது உன்னிடம் இருக்கிறதா? இத்தனை வருடமாக அதைக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்டால் பெட்டி எங்கே என்பாய்.

இருந்தால் தபாலில் போடாதே. கையில் கொண்டு வா. எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது இங்கே இருப்பாய். ஒரு டிக்கெட் எடுத்தாலும் இரண்டு எடுத்தாலும் எங்களுக்குச் சரி, பிளாட்பாரத்தில் வைத்து யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அந்த ஆறாவது குரலுக்கு வேண்டியது எஸ்எஸ்எம் 2044, பதினாறு கால் சில்லு. ரிச்சி தெருவில் விசாரித்துவிட்டேன், இல்லை என்கிறார்கள். உங்கள் இன்டர்நெட்டில் கிடைத்தால் இரண்டாக வாங்கு, பற்றவைக்கும்போது ஒன்றை நான் கெடுத்தாலும் கெடுப்பேன். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, புறப்பட்டு வா. வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதே.

அப்பா

பி.கு.: பெட்டி விற்ற பணத்தில்தான் உன் காலேஜுக்கு அட்வான்ஸ் கட்டினேன் என்று பெரியத்தை நம்பிக்கொண்டிருக்கிறாள். கட்டியது அவள் கொடுத்த பணம். அவளிடமே கடன் வாங்கி அவளிடமே பொய் சொன்னேன் என்பதை நான் சாவகாசமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ உளறிவிடாதே.