முதலில் சம அளவு மூச்சைச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 யோகா தினம் நெருங்கினால் எல்லாப் பத்திரிகைகளிலும் மூச்சுப் பயிற்சிக் குறிப்புகள் வரும். அதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 63 வயது. முப்பது வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். போன வருடம் ஓர் இலவச வகுப்பில் முதல் நாளே, 16 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 64 வரை அடக்கி, 32-க்குள் விடச் சொன்னார்கள். திருமூலர் கணக்கு என்றார்கள். திருமந்திரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பல காலம் பழகியவர்கள் செய்ய வேண்டியதை அன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களிடமா சொல்வது? நாற்பதைத் தாண்டும்போதே எனக்குக் காது அடைத்துக் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த பெண் பிடிக்காவிட்டால் சாய்ந்திருப்பேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று யாரும் முன்னால் கேட்கவே இல்லை.

அப்புறம் வேறொரு ஆசிரியை சமவிருத்தி சொல்லித் தந்தார். இழுக்கும் நேரமும் விடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்; இப்போதைக்கு அடக்கவே வேண்டாம் என்றார். மனதுக்குள் எண்ணினால் அவசரத்தில் நாலு மூன்றாகிவிடுகிறது. என் கை தானாகவே எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட ஆரம்பித்தது. தாளத்தின் முதல் பகுதியான லகுவின் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை: மூச்சு உள்ளே. அடுத்து துருதம் என்னும் இரண்டு சின்னப் பகுதிகளின் தட்டு வீச்சு, தட்டு வீச்சு: மூச்சு வெளியே. நாலும் நாலுமாக ஆவர்த்தனமே, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றே, சமமாகப் பிரிந்து நிற்கிறது! அட்சரம் என்னும் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு விநாடி வைத்தால் நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சுதான். விடும்போதுதான் கவனம் வேண்டும். முதல் தட்டிலேயே பாதிக் காற்று போய்விடும். மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், ஒரு ஸ்வரத்தை அசையாமல் நிறுத்துவது போல மெல்ல விட வேண்டும். அது கைவர எனக்கே ஒரு மாதம் ஆனது.

மருந்தை நான் நிறுத்தவில்லை. டாக்டர் சொல்லாமல் யாரும் நிறுத்தவும் கூடாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் படுத்தபடியே தொடையில் தாளம் போடுவேன். பல நாள் எண்ணிக்கை முடியும் முன்பே தூங்கியிருக்கிறேன்.

எனவே குறிப்புகள் வெளியிடும்போது சமவிருத்தியை முதலில் போடுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சி என்றால், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் செய்ய வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை,
மயிலாடுதுறை